வேலிப் பக்கம் போன பந்து

அன்று காலை செல்லத்தின் கொண்டை வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வாசலில், முள்கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம், நாங்கள் பதிமூன்று பெண்கள் வரிசையில் நின்றோம். கதவுக்கு அந்தப் பக்கம் லோரி உறுமிக்கொண்டிருந்தது. விடிந்து அதிக நேரம் ஆகவில்லை. லோரிப் புகையையும் மீறி எங்கள் பதிமூன்று தலைகளின் தேங்காயெண்ணெய் மணத்தது.

பந்து விளையாடப் போகும் நாளில் செல்லம் சடையை இறுக்கிச் சுருட்டி எலுமிச்சம்பழ அளவுக்குத்தான் கொண்டை போடுவாள். ஓடும்போது அவிழக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம். அன்று அது தேங்காய் அளவுக்கு இருந்தது.

"என்ன புள்ள, இம்மாம் பெரிய கொண்டை?" என்று பின்னாலிருந்து கேட்டேன்.

அவள் திரும்பவில்லை. "சும்மா இரு லா" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

வாசலை ஒட்டி அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு குடிசை. பெண்களைச் சோதனை போடுவதற்காகக் கட்டியது. உள்ளே ரொக்கியா அக்கா இருப்பார். கம்போங் குவாந்தான் கிராமத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருகிற மலாய்க்காரப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். இடுப்பு, மடி, சட்டையின் உள்பக்கம், வாளியின் அடிப்பாகம் என்று அவர் கை போகாத இடம் கிடையாது. ஆனால் தலையில் மட்டும் கை வைக்கமாட்டார். தமிழ்ப் பெண்களுக்குத் தலையைத் தொட்டால் பிடிக்காது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டிரண்டு பேராக உள்ளே போக வேண்டும். நானும் செல்லமும் போனோம். ரொக்கியா அக்கா செல்லத்தின் இடுப்பைத் தடவினார், மடியைத் தட்டினார், "சரி, போ" என்றார். செல்லம் திரும்பிய வேகத்தில் கொண்டையிலிருந்து ஒரு வெற்றிலை நுனி எட்டிப் பார்த்தது.

ரொக்கியா அக்காவின் கண் அதன்மேல் நின்றுவிட்டது.

ரவாங்கிலிருந்து ஒரு கடிதம்

இதை இங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் போகிற போக்கில் "நான் பந்து விளையாடிய காலத்தில்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ரவாங்கிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டுவிட்டார். அவர் மகளுக்குப் பெண்கள் தேசிய லீக்கில் விளையாட ஆசையாம். இதெல்லாம் நம் பெண்களுக்கு இல்லாத பழக்கம் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்களாம். 'நீங்கள் விளையாடியது உண்மையா, எழுத்துக்காகச் சொன்னதா?' என்று கேட்டிருக்கிறார்.

உண்மைதான் அம்மா. இல்லாத பழக்கம் என்று சொல்கிறவர்களிடம் இந்த வாரப் பத்திரிகையைக் கொடுங்கள்.

தேசிய லீக் ஆட்டங்களை நானும் டெலிவிஷனில் பார்க்கிறேன். முதுகில் நம்பர் போட்ட சட்டை, முழங்கால்வரை காலுறை, மெத்தை மாதிரிப் புல். அந்தப் பிள்ளைகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் என் கால் தானாக ஆடுகிறது. அவர்களுடைய லீக்குக்கு நாங்கள்தான் விதை போட்டோம் என்று உரிமை கொண்டாட மாட்டேன். எங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கோலா சிலாங்கூரிலிருந்து ராசா வரைக்கும் ஐந்து தோட்டத்துப் பெண்கள், அவசர காலத்தில், ஒரு லீக் ஆடினோம். ஒவ்வொரு தோட்டமும் மற்ற நான்கோடும் ஒரு முறை மோத வேண்டும். ஜெயித்தால் இரண்டு புள்ளி, சமன் என்றால் ஒன்று.

எப்படி வந்தது இந்தப் பந்து

வெள்ளைக்காரர் ஆண்ட மலாயாவின் அவசர காலத்தை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. காட்டுக்குள் ஆயுதம் ஏந்தியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போகக்கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. ஆங்காங்கே சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிலும் முள்கம்பி அடித்தார்கள். பால் வெட்டப் போகும்போது ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. விடியற்காலை வெறும் வயிற்றோடு போய், மத்தியானம் வேலிக்குள் திரும்பித்தான் வாய் நனைக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரடங்கு.

வேலிக்குள் அடைபட்டதில் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். விறகு பொறுக்கப் போக முடியாது. ஆற்றில் துணி துவைக்க முடியாது. இளவட்டங்களில் பாதிப் பேர் சிறப்புக் காவலர்களாகத் துப்பாக்கி தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் சாயங்காலத்தில் பந்து உதைத்த திடல் மட்டும் வேலிக்குள் சும்மா கிடந்தது. அவர்களுடைய தோல் பந்து மன்றத்து அலமாரிக்குள் காற்றுப்போய்க் கிடந்தது.

ஒருநாள் செல்லம் அதை எடுத்து வந்தாள். சைக்கிள் பம்பால் காற்றடித்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லயத்துச் சுவரில் ஓங்கி உதைத்தாள். உள்ளே தகரத் தட்டுகள் உருண்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. "எந்தக் கழுதைடி அது?" என்று கத்திக்கொண்டு வந்த மாரியாயி அத்தை, பந்தைப் பார்த்ததும் தானும் ஓர் உதை விட்டாள். அத்தைதான் பிறகு எங்கள் கோல் கீப்பர்.

எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வருடக்கணக்காக ஓரத்தில் நின்று ஆண்கள் ஆடுவதைப் பார்த்திருந்தோமே, அது போதும். வெறுங்காலோடு ஆடினோம். பால் வெட்டப் போகும் முழுக்கைச் சட்டைதான் உடுப்பு. கைக்குழந்தைக்காரிகள் பாதி ஆட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு மறுபாதிக்கு வருவார்கள். என்னைக் கேப்டனாக்கினார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, வாய் கொஞ்சம் நீளம். அவ்வளவுதான் தகுதி.

அடுத்த தோட்டத்தோடு ஓர் ஆட்டம் ஆடலாமா என்று கேட்டு ஆபீஸில் கணக்கு எழுதும் எங்கள் கிராணி ஐயா மூலமாகப் பெரிய துரைக்கு மனு போட்டோம். கிடைக்காது என்று நினைத்துத்தான் போட்டோம். கிடைத்துவிட்டது. தோட்டத்து ஜனங்கள் பந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேறு பேச்சுப் பேசமாட்டார்கள் என்று துரை கணக்குப் போட்டிருப்பார் போல. லோரி, வேலியைத் தாண்ட அனுமதிப் பாஸ், எல்லாம் கொடுத்தார்.

அங்கே போய் இறங்கியபோதுதான் அது நடந்தது. எங்கள் மாரியாயி அத்தை லோரியிலிருந்து குதித்து, எதிரணியில் நின்ற ஒருத்தியைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவள் அத்தையின் மூத்த மகள். அந்தத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு தோட்டத்துக்கும் நடுவே ஆறு கட்டை, அதாவது ஆறு மைல்தான் தூரம். பாஸ் கிடைக்காமல் ஒன்றரை வருடம் பார்த்துக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்குப் போகிறேன் என்றால் பாஸ் கிடைக்காது. சாவுக்குக்கூட ஆயிரம் கேள்வி. பந்து விளையாடப் போகிறேன் என்றால் கிடைக்கும். இந்த ரகசியம் மெல்லப் பரவியது. மகளைக் கட்டிக்கொடுத்த தோட்டத்திலெல்லாம் பெண்கள் அணி முளைத்தது. எங்கள் லீக் பிறந்தது இப்படித்தான். அக்காளைப் பார்க்க, அம்மாவைப் பார்க்க, பிறந்து பல் முளைத்துவிட்ட பேரப்பிள்ளையை முதல் தடவையாகத் தூக்கிப் பார்க்க.

எனக்கு மட்டும் வெளியில் உறவு யாருமில்லை. அதனால் எனக்குக் கோப்பைமேல் கண். துரை பங்களாவிலிருந்து கொடுத்த பழைய வெள்ளிக் கோப்பை, கிராணி ஐயாவின் ஆபீஸ் மேஜையில் இருந்தது. அன்று ராசாப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் ஆடுவதுதான் எங்களுக்குக் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அது எங்களுக்கு. சமன் என்றால் ஜெராம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும்.

வெற்றிலைப் பொட்டலம்

"அது என்ன?" என்றார் ரொக்கியா அக்கா.

செல்லம் கொண்டையைக் கையால் மூடினாள். அவரே கைநீட்டி வெற்றிலை நுனியைப் பிடித்து இழுத்தார். கொண்டை அவிழ்ந்து சரிந்தது. வாழைநாரால் கட்டிய பொட்டலம் ஒன்று அவர் கையில் விழுந்தது. பிரித்தார். உள்ளே கறுப்பாக, எண்ணெய் மினுங்கும் உருண்டை. சுக்கும் மிளகும் திப்பிலியும் கருப்பட்டியும் பூண்டும் நல்லெண்ணெயில் கிளறிய வாசனை குடிசையை நிறைத்தது.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்து.

அரிசியோ மருந்தோ, வேலியைத் தாண்டினால் காட்டுக்குப் போகிறது என்றுதான் அர்த்தம். பிடிபட்டால் தடுப்புக் காவல். விசாரணைகூடக் கிடையாது.

"யாருக்கு?"

"எந் தங்கச்சிக்கு அக்கா" என்றாள் செல்லம். அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள். "தனம். ராசாப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு. புள்ள பொறந்து பன்னெண்டு நாளாச்சு. அந்தத் தோட்டத்துல அரிசியக் கொறைச்சிட்டாங்க. ரெண்டு மாசமா வயித்துக்கே இல்ல. மருந்துக்கு எங்க போவும்? எங்காத்தா கிண்டிக் குடுத்துச்சு. காட்டுக்கு இல்லக்கா. எம் புள்ள மேல சத்தியமா காட்டுக்கு இல்ல."

ரொக்கியா அக்கா உருண்டையை மோந்து பார்த்தார். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. மலாய்க்காரர்களுக்கும் பிள்ளைப்பேற்றுப் பத்தியம் உண்டு. எங்களைவிடக் கடுமையாக இருப்பார்கள்.

"நான் பார்த்தாச்சு" என்றார். எங்களோடு பழகிப் பழகி அவருக்கு ஒரு மாதிரித் தமிழ் வரும். "பார்த்தது பார்க்கல சொல்ல முடியாது. ரவாங் ரோட்டுல சோல்ஜர் தேடும். அங்க கெடைச்சா உனக்கு ஜெயில், எனக்கு ஜெயில், இந்தப் பொம்பள எல்லாம் இனி பந்து இல்ல."

செல்லம் அவர் காலில் விழப் போனாள். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அழாத. இது சோறு இல்ல, உபாட். மருந்து. மருந்துன்னா சீட்டு வேணும். டிரஸர் சீட்டு." என் பக்கம் திரும்பினார். "நீ கேப்டன் தானே? ஓடு."

"லோரி நிக்காதே அக்கா. டிரைவர் இப்பவே கத்துறான்."

ரொக்கியா அக்கா வெளியே நின்றிருந்த பதினோரு பெண்களைப் பார்த்தார். பிறகு முக்காட்டை அவிழ்த்து நிதானமாகத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு நான் மெதுவா தேடும்" என்றார். "ஓடு."

டிரஸர் வீட்டில்

தோட்டத்து ஆஸ்பத்திரி வேலிக்குள்ளேயே அடுத்த கோடியில். பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினேன். எந்த ஆட்டத்திலும் அப்படி ஓடியதில்லை.

அங்கே மருந்து கொடுக்கிற டிரஸர் ஐயா, ஆஸ்பத்திரியை ஒட்டிய தன் வீட்டு வாசலில் கண்ணாடியை மாட்டிவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை. நல்ல மனிதர், பயந்த சுபாவம். நான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னதைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"நாட்டு மருந்துக்கு நான் சீட்டுக் குடுக்கறதா? யாராவது கேட்டா என்ன சொல்லுவேன்? இதப் பாரு பாக்கியம், எனக்கு ஆறு புள்ளைங்க."

"ஆறு புள்ளைக்கும் அம்மா எத சாப்ட்டு எந்திரிச்சாங்க ஐயா?"

வாய் நீளம் என்றேனே. சொல்லிவிட்டு நானே பயந்துபோனேன். அவர் முகம் சிவந்தது. அதற்குள் உள்ளிருந்து அவர் மனைவி வந்தார். ஒரு கையில் மைக்கூடும் பேனாவும். இன்னொரு கையில் களிம்பு போட்டு வைக்கிற அகலவாய்ப் புட்டி, கழுவித் துடைத்தது. இரண்டையும் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

டிரஸர் ஐயா மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நுரையோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினார். பிரசவித்த பெண்ணுக்கான மருந்து, என் பார்வையில் தயாரானது என்று. முத்திரை குத்தினார். உருண்டையைப் புட்டிக்குள் அழுத்தி, மேலே ஆஸ்பத்திரி லேபிளை ஒட்டி, சீட்டோடு என்னிடம் கொடுத்தார்.

"காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு, நெல்லிக்கா அளவுன்னு சொல்லு" என்றார். "நா எழுதினேன்னு யாருகிட்டயும் பெருமை அடிச்சிக்காத."

ஐயா, இத்தனை காலம் காப்பாற்றினேன். இன்றைக்குத்தான் சொல்கிறேன். உங்களுக்கு ஆறு பிள்ளைகள் இருந்தும் எழுதினீர்கள்.

திரும்பி வந்தபோது எங்கள் அணியில் இன்னும் நான்கு பேர் குடிசைக்கு வெளியே நின்றார்கள். உள்ளே ரொக்கியா அக்கா ஒருத்தியின் சட்டைத் தையலை விரல் விரலாகத் தடவிக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரனை அமுக்கிக் களைத்துப்போயிருந்தான். நான் சீட்டை நீட்டினேன். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. முத்திரையை மட்டும் தொட்டுப் பார்த்தார்.

"பாகுஸ்" என்றார். நல்லது என்று அர்த்தம். செல்லத்தின் தலையைக் காட்டி, "இப்ப சின்னதா கட்டு" என்றார்.

ரவாங் வழியே

பத்தாங் பெர்ஜுந்தை தாண்டியதும் பாதை மோசம். லோரியின் பலகையில் நின்றபடியே போனோம். ரவாங்குக்கு முன்னால் மரத்தடுப்பைப் போட்டு எல்லாரையும் இறக்கினார்கள்.

தலைமயிர் செம்பட்டையான இளம் வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் புட்டியைக் கையில் வாங்கினான். சீட்டைப் படித்தான். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனான். பூண்டும் நல்லெண்ணெயும் அவனைத் தாக்கியதில் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு இருமினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூடியை அவசரமாகத் திருகிச் செல்லத்திடமே கொடுத்து, போ போ என்று கையாட்டினான்.

லோரி நகர்ந்து வெகுதூரம் போனபிறகுதான் சிரித்தோம். மாரியாயி அத்தைக்கு விக்கல் எடுக்கும்வரை சிரித்தோம்.

திடலும் வேலியும்

ராசாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இறங்கியதும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அங்கிருந்த பெண்களின் கன்னம் ஒட்டியிருந்தது. அவர்கள் கேப்டன் சூசையம்மா, நெட்டையான, கரகரத்த குரல்காரி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்தவங்களுக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி குடுக்க வக்கில்லாமப் போச்சு" என்றாள். பச்சைத்தண்ணீரைச் செம்பில் ஊற்றிக் கொடுத்தாள். குளிர்ந்து, ருசியாக இருந்தது.

அடுத்த செய்தி அதைவிட மோசம். திடல், லயத்து வேலிக்கு வெளியே இருந்தது. வெளித் தோட்டத்தார் யாரும் வேலிக்குள் போகக்கூடாது என்று அந்த வாரம்தான் உத்தரவு வந்திருந்தது. பச்சைப் பிள்ளைக்காரியான தனத்துக்கு வெளியே வர அனுமதியில்லை. வேலியோரத்தில் நின்று பேசவும் கூடாது. வேலி நெடுகக் காவலர்கள்.

செல்லம் புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சூசையம்மா அதை வாங்கி, சீட்டையும் வாங்கி, தானே வாசலில் காட்டி உள்ளே அனுப்பிவிட்டு வந்தாள். "மருந்து போயிருச்சு. அதாவது போச்சே" என்றாள்.

ஆட்டம் தொடங்கியது. அந்தத் தோட்டத்துச் சின்னக் கிராணி, மீசை அரும்பிய இளைஞர், விசில் வைத்திருந்தார்.

முதல் பாதி எங்கள் கை ஓங்கித்தான் இருந்தது. பசித்த வயிற்றோடு ஆடுகிறவர்களை ஓட வைத்துத் தோற்கடிக்கப் பார்த்தேன். அப்போது அது எனக்குத் தப்பாகப் படவில்லை. என் கண்ணில் கோப்பை. இரண்டு முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. செல்லம் இடது பக்க ஆட்டக்காரி. முதல் பாதியில் அவள் இடம் வேலிக்கு எதிர்க்கோடி. ஒரு பந்தையும் சரியாக உதைக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுபாதிக்குப் பக்கம் மாறியதும், இடது பக்கம் என்பது வேலிப் பக்கமாகிவிட்டது.

அப்போதுதான் வேலிக்கு உள்ளே ஒருத்தி நடந்து வந்தாள். தலையில் துணி சுற்றியிருந்தாள். நடை தள்ளாடியது. மார்பில் ஒரு பழைய சேலைத் துணியில் சின்னப் பொட்டலம். வேலியிலிருந்து ஓரடி தள்ளி நின்றாள். யாரும் சொல்லாமலே தெரிந்தது. செல்லத்தின் அதே தோள், அதே நெற்றி.

செல்லம் ஓடுவதை நிறுத்திவிட்டாள்.

சூசையம்மாவிடம் பந்து இருந்தது. முன்னால் மாரியாயி அத்தையைத் தவிர யாருமில்லை. நான் பின்னாலிருந்து துரத்தினேன், பிடிக்க முடியாது, கோல் என்றே நினைத்தேன். சூசையம்மா நின்றாள். திரும்பினாள். பந்தை வேலியைப் பார்த்து ஓங்கி உதைத்தாள். அது உருண்டுபோய்த் தனம் நின்ற இடத்தில் முள்கம்பியில் மோதி நின்றது.

சின்னக் கிராணி விசிலடித்தார். கையை எங்கள் பக்கம் காட்டினார். "இடது பக்கத்து ஆட்டக்காரி எறியட்டும்" என்றார்.

செல்லம் பந்தை எடுக்க ஓடினாள். குனிந்தாள். நிமிர நேரமானது.

எறிந்தாள். எங்கள் ஆள் ஒருத்தி அதை வாங்கி மறுபடியும் வேலிக்கே உதைத்தாள். மறுபடியும் விசில். விதிப்படி எதிரணிதான் எறிய வேண்டும், ஆனாலும் மறுபடியும் செல்லமே ஓடினாள். அடுத்தது சூசையம்மாவின் ஆள் ஒருத்தி. அடுத்தது எங்கள் ஆள். நான் கத்தினேன்: "ஏய், என்னடி வெளிய வெளிய அடிக்கிறீங்க? நேரம் போவுது!"

சூசையம்மா என் காதோரம் வந்து, "ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாள்.

பார்த்தேன்.

செல்லம் வேலியடியில் மண்டியிட்டிருந்தாள். தனமும் அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையைச் சுற்றிய துணியை விலக்கி, முகத்தைக் கம்பிக்கு அருகே பிடித்திருந்தாள். செல்லம் இரண்டு முள்ளுக்கு நடுவே விரலை நுழைத்து அந்தக் கன்னத்தைத் தொட்டாள். பேச்சில்லை. பேசக்கூடாதே. தனம் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள், புட்டியை மூடித் திறப்பதுபோல் கையால் காட்டினாள், தலையை ஆட்டினாள்.

ஐந்தாறு அடி தள்ளிக் காவலன் ஒருவன் துப்பாக்கியோடு நின்றான். அவனும் தமிழன்தான். அவன் ரப்பர் மரங்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு, உரக்கச் சொன்னான்:

"பந்து முள்ளுல மாட்டிக்கிச்சா தங்கச்சி? மெதுவா எடு. அவசரப்பட்டா கிழிஞ்சிடும்."

அதன்பிறகு அந்த ஆட்டத்தில் ஒரு பந்தும் கோலைப் பார்த்துப் போகவில்லை. இரண்டு அணியும் வேலியை நோக்கியே ஆடினோம். வேடிக்கை பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள், கூச்சல் போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வேலியைப் பார்க்கத் திரும்பினார்கள்.

நான் யோசிக்காமல் கோப்பையை விட்டுக்கொடுத்தேன் என்று எழுத ஆசை. அது பொய். கடைசி நிமிடங்களில் செல்லம் எறிந்த பந்து நேராக என் காலுக்கு வந்தது. எதிரணிக் கீப்பர் வேலியையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண் கலங்கியிருந்தது. கோல் வெறிச்சென்று கிடந்தது. ஓர் உதை போதும். கிராணி மேஜையிலிருந்த கோப்பை என் கண்முன் வந்தது. ஒரு கணம் அல்ல, இரண்டு மூன்று கணம் நின்றேன்.

யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் என்னைத் திருப்பியது என்று நினைக்கிறேன். வேலிப் பக்கம் உதைத்தேன்.

சின்னக் கிராணி நேரத்துக்கு விசில் ஊதவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், காதில் வைத்துப் பார்ப்பார், ஆட்டம் நடக்கட்டும் என்று கையைக் காட்டுவார். டிரைவர் ஊரடங்கை ஞாபகப்படுத்திக் கத்திய பிறகுதான் ஊதினார். இரண்டு பக்கமும் கோல் இல்லை.

பிறகு

கோப்பை ஜெராம் பக்கம் போனது. அவர்கள் அடுத்த சுற்றில் எங்கள் தோட்டத்துக்கு ஆட வந்தபோது அதைத் துடைத்து எடுத்து வந்து, எங்கள் பதிமூன்று பேரையும் அதில் சர்பத் குடிக்க வைத்தார்கள். எப்படியோ கதை அவர்கள் காதுக்கும் போயிருந்தது.

எங்கள் லீக் இரண்டு சுற்று நடந்தது. கட்டுப்பாடு தளர்ந்து காவலுக்குப் போன ஆண்கள் திரும்பி வந்ததும் திடலைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். சண்டை போட்டிருக்க வேண்டுமோ என்று டெலிவிஷன் பார்க்கும்போது இப்போது சில சமயம் தோன்றுகிறது. ஆனால் அப்போது எங்களுக்குப் பாஸ் இல்லாமலே பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போக முடிந்தது. அதுவே பெரிய வெற்றியாக இருந்தது. ரவாங் வாசகியின் மகளே, உனக்கு உறவைப் பார்க்கச் சாக்குத் தேவையில்லை. நீ கோலைப் பார்த்தே உதை.

தனம் எழுந்து நடமாடினாள். மேலும் மூன்று பெற்றாள். அந்தக் கைக்குழந்தை பெண். பின்னாளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். அந்தக் காவலன் பெயரை நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. சின்னக் கிராணி பெயரும் மறந்துவிட்டது. பெயர் தெரியாதவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம்

ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்பே லோரி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. வெயில் சாய்ந்து, கம்பிகளின் நிழல் மண்ணில் நீளமாகக் கிடந்தது. வேலிக்கு உள்ளே லயமே திரண்டு நின்றது. "ஜெயிச்சாச்சா? கோப்பை எங்க?" என்று எல்லாத் திசையிலிருந்தும் கேள்வி. நான் லோரியிலிருந்து இறங்கினேன்.

கூட்டத்தில் முன்னால் நின்றவள் செல்லத்தின் அம்மா. விடியலில் அனுப்பிய மருந்து போய்ச் சேர்ந்ததா, வழியிலே பிடிபட்டதா, மகள் எழுந்து நிற்கிறாளா என்று ஒரு வார்த்தை கேட்கப் பயந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

செல்லம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் எதிரில் நின்றாள்.

"ஆத்தா," என்றாள், "புள்ளைக்கு ஒன் மூக்கு."

அந்த அம்மாள் தலைப்பை விட்டாள். மெதுவாகக் கையைத் தூக்கித் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.